நாகமலை புதுக்கோட்டையில் இல்லாத சாரத்தில் ஏறிய பயணம்

போன வருடம் பூச்சு வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்தேன். கால் எலும்பு சேர்ந்துவிட்டது, தைரியம் சேரவில்லை. அப்புறம் கீழேயே நின்று கலவை போட்டுக்கொண்டிருந்தேன். ஏறாத கொத்தனாரை எந்த மேஸ்திரி எத்தனை நாள் வைத்திருப்பார்? அடுத்தது மூன்று மாடி வேலை, ஏறுவதாக இருந்தால் வா என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் கூட்டாளி காதர், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டருக்குள்ளேயே சாரம் கட்டிக் கட்டட ஆட்களை ஏறவிடுகிறார்கள் என்று சேதி கொண்டுவந்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

அலங்காநல்லூரில் காலை எட்டு மணிக்கு மொபெட்டை எடுத்தேன். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் போய்வந்தும் மிச்சம் இருக்கும். காளவாசலில் காதர் ஏறினான், வண்டி முனகியது. அந்த சிக்னலில் நிற்கிற நேரத்துக்கு ஒரு டீயே குடித்துவிடலாம். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் போல, இருபது நிமிடம்.

வாசலில் காவலாளி மறித்தார்.

“என்ன சோலியா வந்தீக?”

“ஆராய்ச்சிக்குண்ணே.”

எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா ஆராய்ச்சி பண்றீக?”

“எங்களத்தான் பண்றாக,” என்றான் காதர். சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே அகிலா என்ற ஆராய்ச்சி மாணவி, கண்ணை முழுக்க மூடும் பெரிய கண்ணாடியை என் தலையில் மாட்டினார். அவ்வளவுதான், தரையைக் காணோம். மூன்றாவது மாடி உயரத்தில் ஒரு பலகை, அதன் மேல் நான். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தேன். கைக்குத் தட்டுப்பட்டது காதரின் கால்.

“நல்லா இரு மாப்ள!”

“பயமா இருந்தா எறங்கிரலாம்ண்ணே,” என்றார் அகிலா.

“எங்கிட்டும்மா எறங்க? தரையிலதான நிக்கிறேன்?” வாய்தான் பேசியது, கால் நகரவில்லை.

அடுத்துக் காதர் மாட்டிக்கொண்டு, அக்கரைக்கும் இக்கரைக்கும் நடந்தான். கண் போகிற இடத்தையெல்லாம் அந்தக் கண்ணாடி பதிந்துவைக்கிறது. திரையில் காட்டினார்கள். காதரின் புள்ளிகள் கயிற்று முடிச்சு, கம்பு, அடுத்த பலகை என்று போயிருந்தன. என்னுடையது அம்புட்டும் கீழே தரையில், சோறு வைத்த இடத்துக் காக்காய்க் கூட்டம் மாதிரி.

“கீழ என்னடா, புதையலா கெடக்கு?” என்றான் காதர்.

“கண்ணு எங்க தப்புதுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கேத்த பயிற்சி குடுக்க முடியும்ண்ணே. சாரத்துல இருந்து விழுகுறதக் குறைக்கத்தான் இதச் செய்யிறோம்,” என்றார் அகிலா.

மறுபடி மாட்டினேன். பிடித்துக்கொள்ளக் கம்புக்குப் பதில் காதரின் தோள். முடிச்சை மட்டும் பார்த்து ஒவ்வொரு அடியாக வைத்தேன். இரண்டு தடவை பாதியில் நின்றேன். அதற்கடுத்த தடவை கடைசிக் கம்பு வந்துவிட்டது. கண்ணாடி ஈரமாக இருந்ததற்கு வியர்வை என்று சொல்லிவைத்தேன். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

போகிறவர்கள் முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுப் போங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், கண்ணாடியின் பட்டை வழுக்கும். வயிறு முட்டப் புரோட்டா தின்றுவிட்டுப் போனால் தலை சுற்றும். கண்ணாடிக்குள் நடந்துவிட்டோம் என்று இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் நிஜச் சாரத்தில் ஏறவும் கூடாது. அகிலாவே சொல்லி அனுப்பினார்.

ஏறுகிறேன் என்று போய்ச் சொன்னதும், பெல்ட்டை மேஸ்திரியே வாங்கித் தந்தார். இதை அந்த மூன்று மாடி வேலைச் சாரத்தின் முதல் தட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். “டீ ஆறுதுடா, எறங்கு!” என்று கீழிருந்து காதர் கத்துகிறான்.

“வாரேன், வாரேன்.”

தரை எங்கேயும் போய்விடாது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்குகிறேன்.