ஹெல்சிங்கோர் கோட்டையில் குணம் அண்ணை செய்த பகிடி

பாரிசுக்கு வெளியே கூசேன்வில் நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து ஒரு நண்பர் அழைத்தார். "மரக்கறிக்கடைக் குணம் அண்ணை மோசம் போயிட்டார். நல்ல மனிசன்" என்றார். "ஓம்" என்றேன். அவர் இறந்தார் என்ற முதல் வசனத்துக்கு மட்டும் சொன்ன ஓம் அது.

அடுத்த கிழமை அவருடைய மனைவி மலர் அக்கா, நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்.

"எனக்கும் அவருக்கும் கதை பேச்சு இல்லையெண்டு தெரியும்தானே அக்கா?"

"அதுதான் கேக்கிறன். புகழுறதுக்குக் கன சனம் இருக்கு. நீங்கள் நடந்ததை எழுதுங்கோ. அண்டைக்கு நானும் அங்கை நிண்டனான்."

ஆகவே, அவரை அறிந்தவர்களே, நடந்ததை எழுதுகிறேன்.

பாரிசுக்கு வந்த புதிதில் எனக்கு வேலை தந்தவர் அவர். அதை மறுக்கவில்லை, மறக்க அவரும் விட்டதில்லை. "நான் இல்லாட்டி நீங்கள் எல்லாம் எங்கை?" என்பது கடையில் தினமும் கேட்கும் வசனம். எனக்கு விசா கிடைத்த அன்று நான் கொண்டுபோன லட்டை வாங்கி, "நான் எடுத்துக் குடுத்த விசா" என்று வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டார்.

கோடையில் தன் வான் வண்டியில் எங்களைச் சுற்றுலா கூட்டிப் போவார். இது நடந்த வருடம் டென்மார்க். ஹெல்சிங்கோர் ஒரு பழைய துறைமுக நகரம். ஒடுங்கிய தெருக்கள், மஞ்சளும் சிவப்புமாக வீடுகள், கடலோரம் பெரிய கோட்டை, எதிரே சுவீடன் கரை. முல்லைத்தீவிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் மனைவி சுபா படகுகளைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். அவள் மீனவர் வீட்டுப் பிள்ளை.

"படகு பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தது? வன்னியிலை கோட்டை எங்கை கண்டியள், வாங்கோ" என்றார் குணம் அண்ணை.

கோட்டைக்கு அடியில் போர்வீரர்கள் தங்கிய நிலவறைகள் இருந்தன. படியருகில் சுபா நின்றாள். "நான் வரேல்லை அண்ணை. நீங்கள் போட்டு வாங்கோ."

யுத்தத்தின் கடைசி மாதங்களில், ஷெல்லடிக்குப் பதுங்கிய பங்கருக்குள் அவள் தம்பி இறந்தான். அது அவருக்குத் தெரியும், நானே சொல்லியிருந்தேன். "சும்மா வாங்கோ தங்கச்சி, பயம் தெளியட்டும்" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். விளக்கு எட்டாத ஒரு வளைவில், கையில் இருந்த போன் வெளிச்சத்தை அணைத்து, "டும்" என்று கத்தினார். பிறகு சிரித்தார். சுபா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு ஈரத் தரையில் குந்திவிட்டாள்.

"எழும்புங்கோ, சனம் பாக்குது" என்றார்.

வெளியே வந்து சுபா வெகுநேரம் கோட்டைச் சுவரோடு சாய்ந்து இருந்தாள். பிறகு அவளே அவரிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணை, நீங்கள் செய்தது பிழை. பிழையெண்டு சொல்லுங்கோ."

"பகிடியைப் பகிடியா எடுக்கத் தெரியாதோ?"

"அப்ப நாங்கள் உங்கடை வானிலை வரேல்லை."

மலர் அக்கா வான் கதவைத் திறந்து எங்கள் பையை எடுத்துத் தந்தார். ரயில் நிலையத்துக்குப் போகுமுன் சுபா மறுபடியும் துறைமுகத்துக்குப் போனாள். மீன் இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் கைச்சாடையால் கேட்டு, ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். "காலமை பிடிச்சது" என்றாள். அந்த ஊரில் நாங்கள் ஆறுதலாகப் பார்த்தது அதைத்தான்.

பிறகு நான் கடைக்குப் போகவில்லை. நன்றி கெட்டவன் என்று லா சப்பல் முழுக்கச் சொன்னார். போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அறிந்து பார்க்கப் போனேன்.

"உன்ரை மனுசிக்கு இன்னும் கோவமோ?"

"ஓம்."

"பகிடிதானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

சுபா செத்தவீட்டுக்கு வந்தாள். மலர் அக்காவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். பெட்டியின் பக்கம் போகவில்லை.

இப்போது லா சப்பலுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோயில் எனக்கும் ஒரு சிறிய கடை இருக்கிறது. வேலை செய்பவர்கள் "ஏலாது அண்ணை" என்றால் நான் காரணம் கேட்பதில்லை. அந்தப் படியருகில் குணம் அண்ணை செய்ததிலிருந்து எனக்கு வந்தது அது. தந்தது அவருக்குத் தெரியாது. கோபமும் அப்படியே இருக்கிறது. அவர் போய்விட்டார் என்பதற்காக அதை இறக்கி வைக்கப் போவதில்லை.