பதினேழாம் நம்பர் பெட்டி

இந்த ஊரில் என் தலைமுடிக்குக் கிடைக்கும் கவனிப்பு, பிறந்ததிலிருந்து எனக்கே கிடைத்ததில்லை. காலையில் வேலையிடத்துக்குள் நுழையும்போது தலைக்கு ஒரு வலைத்தொப்பி, தாடிக்கு ஒரு வலை. புருவத்துக்கு மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதோடு விடுவார்களா? எங்கள் பிரிவின் பொறுப்பாளர் தனுதா, அறுபதை நெருங்கும் அம்மாள், பசைக்காகிதம் சுற்றிய உருளையோடு வாசலில் நிற்பார். தோள், முதுகு, கைமடிப்பு என்று உருட்டி எடுப்பார். ஏதாவது ஒட்டியிருந்தால் என் மூக்குக்கு நேரே நீட்டி "வ்வோஸ்" என்பார். போலந்து மொழியில் முடி என்று அர்த்தம். வணக்கம், நன்றி எல்லாம் பிறகுதான். இந்த நாட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் இதுதான். ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி அனுப்பும் கிட்டங்கி இது. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பெட்டி பெட்டியாகக் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி வரும். பிரித்து, விளக்கு மேஜையில் விரித்து, நூல் பிரிந்திருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா, முடி இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது என் வேலை.

ஊரின் பெயரை லோட்ஸ் என்று எழுதினாலும் வூச் என்றுதான் வாசிக்க வேண்டும். ஒருகாலத்தில் ஊர் முழுக்கப் பஞ்சாலை. இப்போது அந்தச் செங்கல் கட்டடங்களில் துணிக்கடையும் காப்பிக்கடையும் நடக்கின்றன. எங்கள் இராஜபாளையமும் மில்லு ஊர்தான் என்று கூட வேலை பார்க்கும் மரெக்கிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் போனில் தேடிப்பார்த்துவிட்டு, வெள்ளை வெளேரென்று நிற்கும் ஒரு நாயின் படத்தைக் காட்டி, "உன் ஊரா?" என்றான். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து நான் நாய்ப்பண்ணை வைத்திருந்தவன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான், இருக்கட்டும். ஊரிலிருந்து படிக்கிற நீங்களும், என்னைப் போல மூட்டை கட்டிக்கொண்டு வந்து எங்கெங்கோ கிடக்கிற நீங்களும் கேட்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. துபாய் இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது, இந்தக் குளிரில் வந்து ஏன் விறைக்கிறாய் என்கிறீர்கள். பிழைக்க வந்தேன் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பொய். பழிவாங்க வந்தேன்.

எங்கள் பாட்டுக்குழுவின் பெயர் 'கட்டுத்துணி'. மூன்று பேர். வரி எழுதிப் பாடுவது நான். தாளம் போடுவது வெங்கி. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். படம் பிடிப்பது வ. புதுப்பட்டி யேசு, கையில் இருந்தது கண்ணாடி கீறிய ஒரு செல்போன். மலேசியத் தமிழ்ப் பையன்களின் ராப் பாட்டை டவுன் பஸ்ஸில் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் கிறுக்குப் பிடித்தது. அமெரிக்கக் கறுப்புப் பையன்களின் பாட்டில் ஒரு சொல்லும் புரியாது, ஆனால் யாரையோ நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறார்கள் என்பது மட்டும் புரியும். உண்மையைச் சொன்னால் எங்கள் குரு அவர்கள்கூட இல்லை, தெருக்குழாய்தான். குடம் வைத்த வரிசை மாறினால் எங்கள் தெருப் பெண்கள் மூச்சு விடாமல் திட்டுவார்கள் பாருங்கள், எதுகை பிசகாது, தாளம் தப்பாது. அதில் பாதி வேகத்தில் நான் பாடியிருந்தால் எங்கேயோ போயிருப்பேன். தாளத்துக்கு வெங்கி எங்கும் அலையவில்லை. விசைத்தறிச் சத்தத்தைப் போனில் பிடித்து, அதை வெட்டி ஒட்டி அடித்தான்.

முதல் வீடியோவை ஷிப்டு மாறும் நேரத்தில், அம்மா வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனி வாசலில் எடுத்தோம். வேனிலிருந்து பெண்கள் இறங்குவது, செங்கோட்டை ரயில் போகும்போது தண்டவாளத்தோரம் நான் கத்துவது, கடைசியில் என் அம்மா செல்லத்தாய் வீட்டு வாசலில் உட்கார்ந்து துணியை எட்டாய் மடித்துக் காட்டுவது. அம்மா அந்தக் கம்பெனியில் பதினோரு வருசம் காஸ் மடித்தவள். அப்பா போன பிறகு அந்த விரல்கள்தான் என்னைப் படிக்கவைத்தன. அதைத்தான் எழுதினேன்:

ஒலகத்துக் காயமெல்லாம் எங்க ஊரு கட்டுது,
எங்கம்மா வெரலு கிழிஞ்சா பழஞ்சேலை கட்டுது.

ஊரே பார்த்தது. டீக்கடையில் போட்டார்கள், கல்யாண வீட்டு மைக்செட்டில் போட்டார்கள். கம்பெனி முதலாளியும் பார்த்திருக்கிறார். கோபப்படவில்லையாம். சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதைக் கட்டிய பெண்ணின் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு போகும். குறை வந்தால் யார் கை என்று தெரிய வேண்டுமே. அம்மாவின் நம்பர் பதினேழு. வீடியோ வந்த எட்டாம் நாள், சூப்பர்வைசர் தங்கப்பாண்டி எல்லாத் தறியையும் நிறுத்தச் சொன்னான். இருநூறு பெண்களுக்கு நடுவில் அம்மாவைக் கூப்பிட்டான். பெயரைச் சொல்லி அல்ல.

"ஏ பதினேழு, இங்கிட்டு வா. போலந்துக்குப் போன பெட்டி திரும்பி வந்திருக்கு. உள்ள என்ன கெடக்குன்னு பாரு."

டியூப்லைட்டுக்கு நேரே ஒரு நரைமுடியைத் தூக்கிப் பிடித்தான். அம்மாவின் தலையோடு ஒட்டவைத்துப் பார்த்தான். "அளவெடுத்த மாதிரி இருக்குல்ல?" என்று எல்லாரையும் கேட்டான். அம்மாவின் கண்ணில் பட்டது அந்தப் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த ஊர்ப் பெயர் மட்டும்தான். எழுத்துக்கூட்டிப் படித்து மனசில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அத்தோடு போயிருந்தால் வேறு கம்பெனி பார்த்திருப்பாள். பேண்டேஜ் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். "முடி விழுகிற கை" என்று பெயராகிவிட்டது. பாட்டை எடுத்துவிட்டால் அம்மாவைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று தங்கப்பாண்டி சொல்லியனுப்பினான். வெங்கி வேண்டாம் என்றான், யேசு வேண்டாம் என்றான். நான் கேட்கவில்லை. என் கையாலேயே அழித்தேன். மறுநாள் அம்மா போய் நின்றால், வாட்ச்மேன் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. அந்த வாரம் அம்மா இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். நேர்த்திக்கடன் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் அந்த மொட்டைத் தலையோடு இன்னொரு கம்பெனி வாசலில் போய் நின்று, "இப்பத்தான் முடியே இல்லைல்ல, இனியாவது வேலை குடுங்கய்யா" என்று கேட்டிருக்கிறாள். சிரித்து அனுப்பினார்களாம். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் ஏஜெண்டிடம் போனேன். எந்த நாடு என்றான். பெட்டி போன ஊர் என்றேன்.

இந்த ஊருக்கு வரும் கட்டுத்துணி எல்லாம் இந்தக் கிட்டங்கிக்குத்தான், ஆனால் வந்தவுடன் உள்ளே யார் விடுவார்கள்? கோழி வெட்டும் இடத்தில் ஒன்றரை வருசம், பார்சல் அடுக்கும் இடத்தில் ஒரு வருசம். இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கே ஓடிவந்தேன். மூன்றாம் வாரம் அந்தக் கம்பெனிப் பெட்டிகள் வந்து இறங்கின. நான்காவதாகப் பிரித்த பெட்டியில் சீட்டு இருந்தது. பேக்கர் 17. பெட்டி கட்டியவளின் நம்பர். தங்கப்பாண்டி யாரோ ஒருத்திக்கு அம்மாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறான். தொப்பிக்குள் விரலை விட்டு ஒரு முடியைப் பிடுங்கினேன். மடிப்புக்குள் வைத்தால் போதும். பெட்டி தள்ளுபடி, அதோடு வந்த சரக்கு முழுக்கத் தள்ளுபடி, முதலாளி தலையில் துண்டு. ஒரு முடியில் கிளம்பியதை ஒரு முடியில் முடித்துவிடலாம். வைக்கவும் போனேன். அப்போதுதான், அங்கே இருநூறு பேருக்கு நடுவில் யார் நிற்பாள் என்று தோன்றியது. முதலாளியா நிற்பார்? பதினேழு நிற்பாள். கை நின்றுவிட்டது. நல்லவன் என்று யாரும் நினைக்க வேண்டாம், ஆள் மாறிப் போய்விடக் கூடாதே என்ற கவலைதான்.

முடியைக் கையில் வைத்துக்கொண்டே தனுதாவிடம் போனேன். இந்தக் கம்பெனிப் பெட்டியில் முன்னால் எப்போதாவது முடி கிடந்து திருப்பி அனுப்பினீர்களா என்று கேட்க நினைத்தேன். எனக்குத் தெரிந்த போலிஷில் அது "இந்தியா, முடி, போ" என்று வந்தது. நான்தான் முடியைப் போட்டுவிட்டேன், என்னை இந்தியாவுக்கு அனுப்பிவிடாதே என்று கெஞ்சுகிறேன் என்று நினைத்த அந்த அம்மாள், உருளையை எடுத்துத் தலை முதல் கால் வரை என்னை மறுபடியும் உருட்டித் தள்ளினார். போனில் மொழிபெயர்த்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தார். அந்தக் கம்பெனிப் பக்கத்தில் ஒரு புகாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, இது என்ன கேள்வி என்பது போலச் சொன்னார்: "இங்கிருந்து எதுவும் திரும்பிப் போவதில்லை. குறை இருந்தால் இங்கேயே எரித்துவிடுவோம்."

எந்தப் பெட்டியும் திரும்பி வரவில்லை! தங்கப்பாண்டி கையிலிருந்தது ஊரில் அடுக்கி வைத்திருந்த வெறும் பெட்டி, தரையில் பொறுக்கிய முடி. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் வந்த அழுகை, வெட்கப்படவில்லை. மறுநாள் அம்மாவின் கதையைத் தனுதாவிடம் துண்டு துண்டாகச் சொன்னேன். அவருடைய அம்மாவும் இந்த ஊர்ப் பஞ்சாலையில் நூல் சுற்றியவராம். நேற்றுச் சொன்னதைக் கேமராவுக்கு முன்னால் சொல்வீர்களா என்றேன். தொப்பியைக் கழற்றித் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார்.

வெங்கிக்குப் போன் போட்டேன். "தறிச் சத்தம் இன்னும் வச்சிருக்கியால?" என்றேன்.

"ஏலே, எம்புட்டு வருசமாச்சு, இப்பத்தான் கேக்கத் தோணுச்சோ?" என்றான். அழித்துப் போட்ட பாட்டின் படங்களை யேசுவும் பத்திரமாக வைத்திருந்தான். அப்படித்தான் கட்டுத்துணியின் இரண்டாம் வீடியோ வந்தது. காப்பிக்கடையாகிவிட்ட பஞ்சாலைக்கு முன்னால் பனியில் நின்று நான் கத்துகிறேன். என் மூச்சுப் புகைக்கு அடுத்து அம்மாவின் விரல்கள் துணியை மடிக்கின்றன. நடுவில் தாளம் நிற்கிறது, தனுதா தன் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, என் அம்மாவுக்குக் கையும் ஆட்டுகிறார். கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது.

போன பெட்டி வரவே இல்ல, வந்துச்சுன்னு சொன்னது யாரு?
பதினேழுல முடியே இல்ல, பதில் சொல்லு மொதலாளி சாரு!

இந்த முறை முதலாளி சிரிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வேலைக்கு வந்த பெண்கள் வேனில் இந்தப் பாட்டைத்தான் போடச் சொன்னார்களாம். நாலாம் நாள் எனக்குக் காலை டீ இடைவேளை, ஊரில் மதியம். அம்மா அந்தக் கெட்ட பெயரோடு இராஜபாளையத்தில் இருக்கப் பிடிக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோய், கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனுக்களை அடுக்கித் தைத்துக் கொடுக்கிறாள். யேசு அங்கிருந்து வீடியோ காலில் கூப்பிட்டான். "சத்தம் காட்டாமப் பாருல" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனைத் திருப்பினான். கடைக்குள் தங்கப்பாண்டி நின்றுகொண்டிருந்தான். கையில் பால்கோவா, நூல் கட்டிய ஒரு கிலோப் பெட்டி.

"அக்கா, பழசை எல்லாம் மனசுல வச்சுக்கிடாதீக. மொதலாளி அவியளே குடுத்துவிட்டாக. தம்பிகிட்டச் சொல்லி அந்த வீடியோவ மட்டும் எடுக்கச் சொல்லுங்க, பொறவு நீங்க எப்ப வேணும்னாலும் வேலைக்கு வரலாம்."

இப்போது மட்டும் அக்கா! கடையில் நான்கைந்து பேர், இரண்டு வக்கீல்கள். "செத்த இருங்க" என்றாள் அம்மா. நூலை அறுத்தாள். பெட்டியைத் திறந்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். இரும்பு ஸ்கேலை எடுத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, காஸ் துணியைப் பார்க்கிற அதே நிதானத்தில், கிளறிக் கிளறிப் பார்த்தாள். கடையில் மிஷின் சத்தம் நின்றிருந்தது.

"இதுல முடி கெடக்கு" என்றாள்.

தங்கப்பாண்டி எட்டிப் பார்த்தான். "எங்கக்கா? ஒண்ணுமே இல்லையே!"

"எனக்குத் தெரியுது. அன்னைக்கு ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சுல்ல, அதே மாதிரி." பெட்டியை மூடி அவன் கையிலேயே வைத்தாள். "கொண்டு போயி ஒங்க மொதலாளிகிட்டக் குடுங்க. போலந்துக்காரன் வேணும்னா திருப்பி அனுப்ப மாட்டான். நாங்க அனுப்புவோம்."

ஒரு வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். தங்கப்பாண்டி செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் இறங்கிப் போனான். நான் இங்கே சாப்பாட்டு அறையில் மேஜையைத் தட்டிக் கத்தினேன். என் நாய் ஏதோ குட்டி போட்டுவிட்டது என்று நினைத்து மரெக் கைகொடுத்தான். வாங்கிக்கொண்டேன். மூன்று வருசத்துக்கு மேலான எரிச்சல், ஒரு நிமிசத்தில் குளிர்ந்துவிட்டது. இதைத் தவறு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

யேசு போனை அம்மாவிடம் கொடுத்தான். தலையில் முடி முழுக்க வளர்ந்திருந்தது, முழுக்க வெள்ளை. ஆனாலும் துணி கட்டி இறுக்கி மூடியிருந்தாள். கழற்றும்மா, இனி எதற்கு என்றேன். கழற்றினாள்.

"அதான் எல்லாம் முடிஞ்சுச்சுல்லப்பா. நீ எப்ப வார?"

மணி அடித்துவிட்டது. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "வாரேம்மா" என்றேன். அவள் என்றைக்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டேன். வாசலில் தனுதா என்னைத் திருப்பி நிறுத்தி முதுகில் உருளையை உருட்டினார். காகிதத்தை உயர்த்திக் காட்டி, "வ்வோஸ்" என்றார். பார்த்தேன். ஒரு வெள்ளை முடி, என்னுடையது. வந்தபோது எனக்கு நரை கிடையாது. அந்தத் தாளைக் கிழித்து, எரிப்பதற்கான தொட்டியில் போட்டார். நான் உள்ளே போய் அடுத்த பெட்டியைத் திறந்தேன். பேக்கர் 17. ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பதினேழுக்குப் பக்கத்தில் என் முத்திரையைக் குத்தினேன்.