அணைய மறுத்த பச்சை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் தங்கரத்தினத்தை 'எலி அக்கா' என்றால்தான் தெரியும். கல்யாணம் ஆகவில்லை, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை.

"எலியை அறுத்துட்டு வந்து எப்படிக்கா சோறு இறங்குது?" என்பாள் பக்கத்து வீட்டுப் பூமணி.

"நீ மீனை அறுத்துட்டு பட்டினியா கிடக்குற?"

அறுப்பதில் தங்கரத்தினத்துக்குப் பயமில்லை. அதன் பிறகு துடிப்பதுதான் பயம். எலிக்குஞ்சின் இதயத்தைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால், ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் துடிக்கும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டதும் எல்லாம் சேர்ந்து துடிக்கும். குஞ்சு அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும்.

தொண்ணூற்று இரண்டில், ஆய்வுக்கூடத்தை நடத்திய டாக்டர் ஜெயராஜ் ஒரு சாயம் வாங்கி வந்தார். செல்லுக்குள் கால்சியம் ஏறினால் பச்சையாக ஒளிரும்.

"ஒளிர்ந்தா இறுகுது, மங்கினா தளருதுக்கா. மங்கவே இல்லைன்னா அவ்வளவுதான், செல் செத்துப்போச்சு," என்றார்.

மறு வருடத் தைப்பூசத்தன்று சாயம் கடைசித் தட்டோடு தீர்ந்திருந்தது. அது கெட்டால் டாக்டரின் இரண்டு வருட உழைப்பும் வீண். செல்களுக்கு லீவு தெரியாதே. பத்துமலையிலிருந்து நெற்றி நிறையத் திருநீறோடு நேரே வந்தவள், இருட்டறையில் தட்டின்மேல் குனிந்தாள். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

நுண்ணோக்கியில் பச்சை ஏறியது. இறங்கவில்லை. தட்டு முழுக்க அசையாத வெளிச்சம்.

"டாக்டர், என் திருநீறு விழுந்துருச்சு."

அருகில் இருந்தவர் நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தார். "சாம்பல்ல கால்சியம் இருக்குக்கா. கழுவுங்க லா."

கழுவினாள். பச்சை அப்படியே நின்றது.

"அட்ரினலின் விடுவோம். எப்படியும் இன்னைக்கு அதைத்தானே பார்க்கணும்."

கால்சியத்தைச் செல்லின் சேமிப்பறைக்குள் திரும்ப இறைக்கும் பம்பின்மேல் ஒரு சின்னப் புரதம் பிரேக் போல உட்கார்ந்திருக்கும். அட்ரினலின் பட்டால் அந்தப் புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டும், பிரேக் தளரும், பம்ப் வேகமெடுக்கும். டாக்டர் நிரூபிக்க நினைத்தது இவ்வளவுதான்.

துளி விழுந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓர் ஓரம் மட்டும் மங்கியது, ஒளிர்ந்தது, முன்னைவிட வேகமாக மங்கியது.

"இது போதும்," என்றார் டாக்டர். பதிவு முடிந்ததும், "ப்ளீச் ஊத்தி அழிச்சிருங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கடைசியாக ஒருமுறை குனிந்து பார்த்தாள். உயிருள்ள ஓரம் துடிக்கும்போதெல்லாம் ஒட்டியிருந்த செத்த செல்களும் இழுபட்டு அசைந்தன, எழுப்பப்படுகிறவர்களைப் போல. எது தானாகத் துடிக்கிறது, எது இழுபடுகிறது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ப்ளீச் போத்தலை மூடினாள். தட்டைச் செல் வளர்க்கும் வெப்பப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.