மாமாவுக்குக் கொண்டுபோன பொன்னாடை

சின்ன மாமா விளையாடியது உதைபந்தாட்டம் என்றால் அப்பா பேசாமல் இருந்திருப்பார். மாமாவோ தான் வேலை செய்த உணவகத்துக்கு வந்துபோன ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து, முட்டை மாதிரியான பந்தைக் கையால் குத்தி, காலால் உதைத்து, ஆளை ஆள் இடித்து விழுத்தும் அவர்கள் நாட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டார். "கோப்பை கழுவ வந்தவருக்கு முட்டைப் பந்து கேக்குது" என்று நாங்கள் குடியேறியிருந்த பூம்ப்ளிஸ் ஊர் வீட்டில் அப்பா சொல்லாத ஞாயிறு இல்லை.

அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு போட்டியிலும் சிறந்த மூவருக்கு நடுவர்கள் வாக்குப் போடுவார்கள். பருவ முடிவில் எல்லாவற்றையும் கூட்டி ஒருவருக்குக் கிண்ணம் கொடுப்பார்கள். இந்தமுறை தனக்குத்தானாம் என்று மாமா அம்மாவிடம் சொன்னார். இந்த நாட்டில் அவர் பெயருக்குக் கிடைக்கப்போகும் முதல் பொருள் அது. அதற்குப் பிறகு அப்பாவின் வாயும் அடங்கிவிட்டது.

அது 2009. வைகாசியில், வன்னியில் பெரிய மாமா ஷெல் பட்டுச் செத்துப்போன செய்தி வந்தது. சின்னப் பிள்ளை என்று எனக்கு மட்டும் மறைத்து, அவருடைய போன் பழுது என்றார்கள். மறுநாள் சின்ன மாமா ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் விளையாடப் போய், எதிரணிக்காரர் ஒருவரின் முகத்தில் குத்திவிட்டார். ஒரு போட்டிக்குத் தடை போட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் பரிசளிப்பு நடந்தது. எங்கள் ஆட்கள் கௌரவிப்பு என்றால் வெறுங்கையோடு போவதில்லை. அப்பா சரிகைப் பொன்னாடை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டார். வாக்குகளை வாசித்து முடிக்க, மாமாதான் முதலாவது. மிச்சத்தைக் கேட்க அப்பாவுக்குப் பொறுமை ஏது? விறுவிறென்று போய் மாமாவை எழுப்பிப் போர்த்திவிட்டார். நான் கைதட்டினேன். வேறு ஒருவரும் தட்டவில்லை.

ஒலிவாங்கி வைத்திருந்தவர் சங்கடத்தோடு மிச்சத்தைச் சொன்னார். தடை வாங்கியவர் எத்தனை வாக்கு எடுத்தாலும் கிண்ணம் இல்லையாம்; சிறந்தவர் நேர்மையாக ஆடியவராகவும் இருக்கவேண்டுமாம். இரண்டாவதாக வந்த செம்பட்டைமுடிக்காரர் எழுந்து வந்தார். மாமா தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். அப்போது மண்டபமே தட்டியது. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா மெல்லக் கேட்டார்.

"உனக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓம் அத்தான். அக்கா இதை நினைச்சு எண்டாலும் சிரிச்சவ. சொல்ல வாய் வரேல்லை."

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"நீங்கள் குத்தின ஆள் உங்களுக்கு என்ன செய்தவர், மாமா?"

"ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப ஏன் அடிச்சனீங்கள்?"



"ஊரிலை எல்லாரும் சுகமோ எண்டு கேட்டவன்."

அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். எனக்கு மாமாமேல் இருந்த பரிதாபமெல்லாம் போய்விட்டது. சுகம் விசாரித்த மனிதரை அடித்தவருக்குக் கிண்ணம் கொடுக்காதது நூற்றுக்கு நூறு சரி என்று அந்த பஸ்ஸில் நான் முடிவுசெய்தேன்.