ஞானத்தின் படகில் இரண்டாவது இருக்கை

வெள்ளி, மாலை 5.20. ஸ்கூகொக் ஏரி ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, அஜின்கோர்ட்டில் உள்ள என் வீட்டிலிருந்து சுமார் எழுபது கிலோமீற்றர். இந்த முறை அங்கே மீன்பிடிக்கப் போகும் பயணம் முதல் நாளே, பிறம்ரனில் வேலை முடிந்த கையோடு, நெடுஞ்சாலையோரத்து மீன்பிடிச் சாமான் கடை ஒன்றில் தொடங்கியது. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பொறாமை.

பன்னிரண்டு வருடமாக என் நண்பன் ஞானத்தின் சின்ன அலுமினியப் படகில் இரண்டாவது இருக்கை என்னுடையது. மூன்றாவது இருக்கை அதில் கிடையாது. இந்த வருடம் டெனிஸ் என் இடத்தில் ஏறிக் குந்திவிட்டான். மன்னார்க்காரன், பிக்கரிங்கில் ஞானத்தின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறவன். நல்ல மனிசன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். போன மாதம் ஞானம் புதுத் தூண்டில் தடியும் நூல் சுற்றும் றீலும் பிடித்தபடி ஒரு படம் அனுப்பினான். கீழே, 'டெனிஸ் தெரிஞ்சு தந்தது' என்று எழுதியிருந்தான். பன்னிரண்டு வருடமும் அவனுக்குத் தூண்டில் முள்ளிலிருந்து நூல் வரை தெரிவுசெய்து கொடுத்தவன் நான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு, இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைக்காரப் பெடியன் பொறுமைசாலி. கரையில் நின்று பிடிப்பீர்களா, படகிலா? என்ன இரை? எந்தக் கையால் எறிவீர்கள்? பாஸ் மீனுக்கென்றால் ஆறரை அடியில் நடுத்தரத் தடி ஒன்று போதும், அதற்குச் சுற்றும் பிடியை எந்தப் பக்கமும் மாற்றக்கூடிய றீல் இருக்கிறது என்று எடுத்தும் காட்டினான். நான் கைத்தொலைபேசியில் ஞானத்தின் படத்தை நீட்டினேன். இதேதான் வேண்டும், ஒரு திருகாணிகூட மாறக்கூடாது.

"இந்த றீலுக்குப் பிடி இடப்பக்கம், மாற்ற முடியாது. பரவாயில்லையா?" என்று கேட்டான். புதுப் பாணியாக்கும் என்று நினைத்துத் தலையாட்டினேன். தடி 169.99, றீல் 199.99, வரியோடு 418 டொலர் 8 சதம். நான் கேட்டு வாங்கிய வினை அது.

சனி, காலை 5.10. வீட்டை விட்டுப் புறப்பட்டேன். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே பிக்கரிங், இருபது நிமிடம். ஞானத்தின் வாகனத்தில் படகு கொழுவியிருந்தது. சாரதி இருக்கையில் டெனிஸ். பக்கத்தில் ஞானம். எனக்குப் பின் இருக்கை, ஐஸ் பெட்டியோடு.

"அண்ணை, கால் நீட்ட இடம் காணுமோ?" என்று டெனிஸ் கேட்டான்.

"ஓம், ஓம், காணும்" என்றேன். தன் வாகனத்தை மனைவியிடம்கூடக் கொடுக்காத ஞானம், ஓட்டும் உரிமையையே இவனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். 407இல் கொஞ்சம், பிறகு சிம்கோ வீதியால் வடக்கே. இரண்டு பக்கமும் சோளம் முழங்காலளவு நின்றது.

6.40. போர்ட் பெரி. படகை நீரில் இறக்கும் சரிவு. டெனிஸ் ஒரே தரத்தில் பின்னுக்கு எடுத்து இறக்கிவிட்டான். அவனே படகில் ஏறுவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஞானம் என்னைப் பார்த்து, "ஏறு மச்சான், இண்டைக்கு நீ வா. டெனிஸ் கரையிலை நிண்டு பிடிப்பான்" என்றான். ஏறினேன். கரையில் நின்றவனுக்குக் கையும் காட்டினேன். அப்படிக் காட்டியிருக்கத் தேவையில்லை.

7.15. பாசி மண்டிய ஒரு மூலையில் படகை நிறுத்தினோம். நான் வலக்கையால் எறிந்து, வழக்கம்போலத் தடியை இடக்கைக்கு மாற்றினேன். சுற்றப் போனால் பிடி மற்றப் பக்கம். தடுமாறியதில் றப்பர்ப் புழு பாசிக்குள் போய்ச் செருகியது. இரண்டாம் எறிதலில் றீலுக்குள் நூல் குருவிக்கூடாய்ச் சிக்கிக்கொண்டது. இதை எப்படித்தான் இவன் பாவிக்கிறான் என்று ஞானத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் இடக்கையால் எறிந்தான், தடியை வலது உள்ளங்கைக்கு மாற்றினான், இடக்கையாலேயே சுற்றினான். பன்னிரண்டு வருடம் வலக்கையால் எறிந்த மனிசன்.

"என்னடா, எப்ப கை மாறினனீ?"

ஞானம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாசியிலை சின்ன ஸ்ட்ரோக் ஒண்டு மச்சான். வலக்கை பிடிக்கும், ஆனா விரல் சொன்னது கேக்காது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன செய்திருப்பாய்? படகை வித்துப்போட்டு வீட்டிலை இரு எண்டிருப்பாய்."

ஓம், அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"டெனிஸுக்கு மட்டும் சொல்லலாமோ?"

"அவனுக்கு நான் சொல்லேல்லையடா. ஸ்னோ தள்ளேக்கை விழுந்தனான், அவன் கண்டு ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவன். பிறகு மூண்டு கடை ஏறி இறங்கி, தானே இடக்கையாலை சுத்திப் பாத்துத்தான் இந்த றீலை எடுத்துத் தந்தவன்."

ஒரு நல்ல மனிசனுக்கு இந்த இடத்தில் நண்பனின் கைதான் முதலில் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு வந்தது வேறு. மாசியிலிருந்து ஆனி வரை டெனிஸுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

8.05. ஞானத்தின் தடி வளைந்தது. பெரியவாய் பாஸ், மூன்று இறாத்தல் இருக்கும். ஒரு தரம் துள்ளிப் பச்சை முதுகைக் காட்டியது. நான் வலையைத் தூக்கிக்கொண்டு வழக்கமான இடப்பக்கம் பாய்ந்தேன்.

"அங்காலை இல்லை, வலப்பக்கம்! டெனிஸ் எப்பவும் இந்தப் பக்கம்தான் பிடிக்கிறவன்" என்று கத்தினான். நான் திரும்புவதற்குள் மீன் முள்ளை உதறிவிட்டுப் போய்விட்டது. ஞானம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிக்கிக் கிடந்த என் தடியை வைத்துவிட்டு, கரைக்குத் திரும்பும் வரை வலையைப் பிடித்தபடி வலப்பக்கமே இருந்தேன். வேறு மீன் கடிக்கவில்லை.

11.30. கரை ஏறினோம். டெனிஸ் இரண்டு பாஸ் பிடித்துத் திரும்ப விட்டிருந்தான். என் றீலைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் குந்தியிருந்து நூலைச் சிக்கெடுத்தான், கால் மணித்தியாலம். அவனைத் திட்ட ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

பிற்பகல் 1.10. பிக்கரிங். ஞானத்தின் வீட்டு முன்றிலில் டெனிஸ் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். ஞானம் என்னோடு என் கார் வரைக்கும் நடந்து வந்தான்.

"கைக்குப் பயிற்சி ஏதும் குடுக்கினமோ?"

"ஒவ்வொரு புதனும். டெனிஸ்தான் கூட்டிக்கொண்டு போறவன்."

"வாற புதன் நான் வாறன்."

"உனக்கு வேலையெல்லோ?"

"லீவு போடுறன்."

ஞானம் படகடியில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தான்.

"டெனிஸிட்டை ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்லுறன் மச்சான்" என்றான்.

சரி என்று தலையாட்டிவிட்டுக் காரை எடுத்தேன். அஜின்கோர்ட் வந்து சேரும் வரைக்கும் தொலைபேசி அடிக்குமா என்று காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டினேன்.