கடைசி சைக்கிளிலிருந்து இரண்டு விசில்

ஸ்டீபன் இறந்துவிட்டார் என்று எங்களோடு சைக்கிள் ஓட்டும் மரகதம் போனில் சொன்னபோது நான் பம்ப் கம்பெனி ஸ்டோரில் பேரிங் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "காலைல பல்லு வெளக்கீட்டு நின்னவரு அப்படியே சாஞ்சுட்டாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க" என்றார். "சரிங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு மீதிப் பெட்டிகளையும் சரிபார்த்தேன். டிபன் பாக்ஸிலிருந்த எலுமிச்சைச் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அதன் பிறகுதான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. மூன்று வாரமாகிவிட்டது, இன்னும் அழுகை வரவில்லை.

இந்த நினைவுக் குறிப்பைப் படிப்பவர்களில் பலர் அவரைக் கல்லூரி வேதியியல் ஆய்வக உதவியாளராக அறிந்திருப்பீர்கள். எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை மனிதர். எங்கள் சைக்கிள் குழுவில் ஆறு பேர். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பென்ஷனுக்கு முன்னால் முழங்கால் போய்விடுமோ என்று பயந்து சைக்கிள் வாங்கியவர்கள். ஸ்டீபன் மட்டும் சின்ன வயதிலிருந்தே மிதித்துப் பழகியவர். எங்களில் வேகமானவரும் அவர்தான். ஆனால் எப்போதும் கடைசியில்தான் வருவார்.

அது தொடங்கியது என்னால்தான். முதல் பயணத்தில் கருமத்தம்பட்டி தாண்டியதும் என் செயின் அறுந்தது. முன்னால் போனவர்கள் கவனிக்கவில்லை. லாரிகள் உரசிக்கொண்டு போகிற சாலையில் கறுத்த கையோடு நின்று எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் ஸ்டீபன் மட்டும் திரும்பி வந்தார். "எண்ணிப் பாத்தனுங்க, ஒண்ணு கொறைஞ்சுது" என்றார். அடுத்த வாரம் கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து விதியைச் சொன்னார். ஒரு நீள விசில் என்றால் எல்லாரும் நிற்க வேண்டும். இரண்டு சின்ன விசில் என்றால் எல்லாம் சரி, போய்க்கொண்டே இருக்கலாம். "முன்னாடி போறவங்களுக்கு ரோடு மட்டுந்தானுங்க தெரியும். கடேசி ஆளுக்குத்தான் எல்லாரையும் தெரியும்" என்றார். எங்களுக்கு அது வசதியாக இருந்தது. அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வால்பாறை மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பிப் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் வாதாடவில்லை. தானும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார். "நாம தள்ளீட்டுப் போனாலும் வால்பாறை அங்கியேதானுங்க இருக்கும்" என்றார். அன்று பாதி மலையை இருவரும் நடந்தே ஏறினோம். அவரால் மிதித்தே ஏறியிருக்க முடியும். என்னைக் கூச்சப்பட விடாமல் வழி முழுக்கக் கல்லூரி முதல்வரைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டே வந்தார்.

அவரோடு கடைசியாகப் போனது கோபிசெட்டிபாளையம். மரகதத்தின் உறவினர் தென்னந்தோப்பில் டென்ட் அடித்துத் தங்குவதாக ஏற்பாடு. நம்பியூர் தாண்டியதும் எதிர்காற்று. பின்னாலிருந்து இரண்டு விசில் கேட்டது. போனோம். கொஞ்ச தூரம் கழித்து மறுபடி இரண்டு விசில், மிகத் தள்ளி. அப்போதும் போனோம்.

தோப்பில் டென்ட் அடித்து, அடுப்பைப் பற்றவைத்து, உப்புமா கிளறி இறக்கிய பிறகுதான் அவர் வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நான் கிண்டலாக, "இன்னைக்கு யாரைக் காப்பாத்தீட்டு வாரீங்க?" என்றேன். "என்னையத்தானுங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சாப்பாடு வேண்டாம் என்று வாய்க்கால் மேட்டில் படுத்துக்கொண்டார். அவருடைய டென்ட்டை நான்தான் அடித்தேன், அதற்கும் ஒரு கேலி செய்தேன். முகாமில் எப்போதும் அவர்தான் முதலில் எழுந்து எல்லாருக்கும் வரக்காப்பி போடுவார். மறுநாள் மரகதம் போட்டார். ஸ்டீபன் ஒரு நாளாவது தூங்கட்டும் என்று பேசிக்கொண்டோம்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அவர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அவர் மனைவி ரோசி டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நாலு மாசத்துக்கு முந்தியே இருதயத்துல அடைப்புன்னு சொல்லிப்போட்டாங்கண்ணா. சைக்கிளே தொடக் கூடாதுன்னாங்க. 'நான் கடேசில மெதுவாத்தான் போறேன், யாருக்கும் தெரியாது'ன்னுட்டுப் போயிருவாரு." பிறகு கேட்டார்: "கூடவேதானுங்ணா போனீங்க. ஒருத்தருக்குமா தெரியல?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் டீயைக் குடித்து முடித்தேன். கடைசியில் வருவது ஸ்டீபனின் வேலை என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். அதனால் அவர் பின்தங்கியது எங்களுக்குப் பின்தங்கியதாகவே படவில்லை. என் செயின் அறுந்ததற்குத் திரும்பி வந்த மனிதருக்காக, கோபி சாலையில் நான் ஒரு தடவை தலையைத் திருப்பியிருக்கலாம். இதை ரோசியிடம் சொல்லவில்லை. கிளம்பும்போது ரோசி அவருடைய விசிலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

சைக்கிள் குழு நண்பர்களே, அடைப்பு விஷயத்தை உங்களிடமும் நான் இதுவரை சொல்லவில்லை. வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு நாம் ஐந்து பேரும் அவிநாசி சாலையில் போனோம். கடைசியில் யார் வருவது என்று யாரும் கேட்கவில்லை. நானே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். ஸ்டீபனிடமிருந்து எனக்குக் கிடைத்தவை அந்த விசிலும் அந்த இடமும்தான். அவர் சொன்னது சரி, அங்கிருந்து எல்லாரும் தெரிகிறார்கள். யார் கியர் மாற்றத் திணறுகிறார், யாருக்கு இடுப்பு வலி என்பதெல்லாம் முதுகைப் பார்த்தாலே புரிகிறது. ஒரு மேட்டில் நான் சைக்கிளை நிறுத்தி இறங்கினேன். நின்றபடியே இரண்டு விசில் ஊதினேன். நீங்கள் நால்வரும் போய்க்கொண்டே இருந்தீர்கள்.

அடுத்த ஞாயிறு நான் இரண்டு விசில் ஊதினாலும், யாராவது ஒருவர் திரும்பிப் பாருங்கள்.