ஷட்டருக்கு உள்ளே கேட்ட குரல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடிப்பெருக்கு அன்று மதியம் நடந்தது இது. எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் அப்போது நான் செக்யூரிட்டியாக இருந்தேன். அதற்கு முன்பு போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கு டிரைவர். இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடாதே என்று டாக்டர் சொன்ன பிறகு காக்கிச் சட்டையும் விசிலும் வந்து சேர்ந்தன. வடநாடெல்லாம் வண்டி ஓட்டியவன் கோழிக்குக் காவல் நிற்பதா என்று உள்ளுக்குள் ஒரு குமைச்சல். ஒரு திருடனாவது மாட்டினால் நான் யாரென்று காட்டிவிடலாம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். வாயில் சனி என்பார்களே, எனக்கு மனதிலேயே இருந்தது.

அன்று முதலாளி குடும்பத்தோடு மோகனூருக்கு ஆற்றில் குளிக்கப் போய்விட்டார். வேலையாட்களும் முட்டை பொறுக்கி முடித்த கையோடு கிளம்பிவிட்டார்கள். கோழிக்கு ஏது லீவு? மதியத் தீவனத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று முட்டை பிரிக்கிற அக்கா ஒருவர் மட்டும் தங்கிவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். என்னை எப்போதும் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"சோத்தத் தின்னுபோட்டு வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டுப் பின்னால் இருக்கிற வேலையாட்கள் குடியிருப்புப் பக்கம் போனார். நான் பண்ணையை ஒரு சுற்று சுற்றிவரக் கிளம்பினேன்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பும்போது, முட்டை ரூமுக்குப் போகிற சிமெண்டுப் பாதையில் ஷூ தடம் தெரிந்தது. இரண்டு ஆட்களுடைய தடம். காய்ந்த செம்மண். எங்கள் பண்ணைக்குள் யார் வந்தாலும், முதலாளியே ஆனாலும், கேட்டில் இருக்கிற மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். கோழிக்கு வெளியிலிருந்து நோய் ஒட்டிவிடக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. இந்தக் கால்கள் நனையவே இல்லை. பின்பக்க மரவள்ளிக் காட்டிலிருந்து வேலி தாண்டி வந்திருக்கிறார்கள்.

ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. அந்த ரூமின் கடைசியில்தான் புது மோட்டாரும் செம்புக் கம்பிச் சுருள்களும் இருந்தன. அங்கிருந்து கம்பியை இழுக்கிற சத்தமும் கிசுகிசுவென்று பேச்சும் கேட்டன. நான் வாசலைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் யாரும் முட்டை ரூமுக்குள் செருப்போடு போக மாட்டார்கள், வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். வாசலில் ஒரு செருப்பும் இல்லை. அப்படியென்றால் நம் ஆள் யாரும் உள்ளே இல்லை. எனக்கு அது போதும்.

ஷட்டரைப் படாரென்று இழுத்துவிட்டு, காலால் அழுத்திப் பூட்டைப் போட்டேன். ரூமுக்கு வேறு வாசல் கிடையாது. உடனே முதலாளிக்கு போன் போட்டு, ரெண்டு பேரைப் பிடித்து அடைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"கெட்டிக்காரன்! தொறந்து கிறந்து போடாத. போலீசுக்குச் சொல்லிப்போட்டு வந்தர்றேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே அவர்கள் ஷட்டரை எட்டி எட்டி உதைத்தார்கள். உதைங்கடா என்று வெளியே நின்று மீசையைத் தடவினேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"சாமி... நான் உள்ள இருக்கறேன் சாமி..."

என் வாழ்நாளில் அந்த மாதிரி பயத்தை நான் அனுபவித்ததில்லை. ராத்திரியில் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டியிருக்கிறேன். அப்போதுகூட என் உயிர் ஒன்றுதான் கணக்கு. இங்கே நானே என் கையால் ஒரு பெண்ணைத் திருடர்களோடு வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

"வாட்ச்மேனு, இப்பத் தொறக்கறயா, இல்ல இந்தக் கெழவி மண்டயப் பொளக்கட்டுமா?" என்று ஒருவன் கத்தினான். இரும்புக் கம்பியால் தரையைத் தட்டினான். அதோடு முட்டை அட்டைகள் சரிந்து விழுகிற சத்தம். அக்காவின் குரல் அப்புறம் வரவில்லை.

மறுபடி முதலாளிக்குப் போட்டேன். ஆற்றங்கரைக் கூட்டத்தில் நான் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. தொறக்காத, தொறக்காத என்று அவர் கத்தியது மட்டும் எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது சேலத்தில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். ஆளை மடக்குவது உன் வேலை இல்லை, தள்ளி நின்று பார், தகவல் சொல், அவன் ஓடுகிற வழியை அடைக்காதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஓட விடுவதற்கா சம்பளம் என்று பின் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்த ஆட்களில் நானும் ஒருவன். அந்த ஷட்டர் முன்னால் அதெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது.

"தொறக்கறேன். நான் தள்ளிப் போயர்றேன். அந்தம்மாவ ஒண்ணும் பண்ணாதீங்க. போயிருங்க, தொரத்த மாட்டேன்" என்று சத்தமாகச் சொன்னேன். சாவி துவாரத்தில் நுழையவே மாட்டேன் என்றது. பூட்டைக் கழற்றி, ஷட்டரைத் தூக்கிவிட்டு வேப்பமரம் வரை பின்னால் நடந்தேன். என் தடியை அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி தரையில் போட்டேன்.

முதலில் அக்காதான் வந்தார். அவர் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தபடி ஒருவன். இன்னொருவன் கம்பியோடு நேராக என்னைப் பார்த்து வந்தான். அடி விழப்போகிறது என்று தெரிந்தது. ஓடவும் முடியவில்லை, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றேன். நாலு எட்டில் நின்றவன் என் முகத்தையே முறைத்தான். வாடா என்று மற்றவன் கத்தினான். அக்காவைத் தள்ளிவிட்டு இருவரும் வேலியைத் தாண்டி ஓடினார்கள். காட்டுக்குள் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கால் முழுக்க முட்டைக் கரு. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சாப்பிட்டு வந்தவர், உள்ளே குளுகுளுவென்று இருக்கிறதே என்று முட்டை அடுக்குக்குப் பின்னால் சாக்கை விரித்துப் படுத்துத் தூங்கியிருக்கிறார். காலையில் செருப்பு வார் அறுந்துபோனதால் வெறுங்காலோடுதான் நடந்திருக்கிறார்.

முதலாளி போலீசோடு வந்து இறங்கியதும், "தொறக்காதன்னு சொன்னனா இல்லயா?" என்று என்மேல் பாய்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து நின்றார்.

"உள்ள நான் இருந்தனுங்க."

அவ்வளவுதான் சொன்னார். முதலாளி அவருடைய காலைப் பார்த்துவிட்டுப் போலீஸ் பக்கம் திரும்பினார். நான் பார்த்த முக அடையாளம், பைக் போன திசை எல்லாவற்றையும் போலீசிடம் சொன்னேன். அவர்கள் பிடிபட்டார்களா என்று இன்றுவரை தெரியாது. அதைப் பற்றி நான் விசாரிக்கவும் இல்லை.

இப்போது நாமக்கல்லில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் ஷட்டரை இறக்கும் முன், காலி ரூம் என்று நன்றாகத் தெரிந்தாலும், "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரு தடவை கூப்பிடுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். கூப்பிட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லக் கூடாதே என்று கொஞ்ச நேரம் காத்து நின்ற பிறகுதான் ஷட்டரை இறக்குகிறேன்.